சுத்த சைவப் பெற்றோரை ஜப்பான் குழுப் பயணத்துக்கு அனுப்பும் முன்

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இதுதான்: அப்பாவுக்கு 66, அம்மாவுக்கு 61. முட்டைகூடத் தொடாத சைவம். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. இருவருக்கும் இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். ஏப்ரல் முதல் வாரம், 7 இரவு, வழிகாட்டியோடு ஜப்பான். எந்த பேக்கேஜ் எடுக்கலாம் என்று கேட்கிறீர்கள். உங்கள் மனசில் உண்மையில் ஓடுவது வேறு என்று நினைக்கிறேன்: நான் கூட இல்லாத இடத்தில் அவர்கள் பட்டினி கிடக்காமல், கால் வீங்காமல், தொலைந்து போகாமல் திரும்பி வருவார்களா? அதற்குத்தான் இந்தப் பதில். எந்த நிறுவனத்தின் பெயரையும் சொல்லப் போவதில்லை. ஒரே நிறுவனம் ஒரு தேதியில் அருமையான பயண மேலாளரை அனுப்பும், அடுத்த தேதியில் சுமாரானவரை அனுப்பும். ஆகவே பெயரைவிட நீங்கள் கேட்கும் கேள்விகள்தான் முக்கியம்.

பாதுகாப்பு, சுத்தம், கழிப்பறை, நேரம் தவறாத ரயில் என்று பார்த்தால் வயதானவர்களுக்கு ஜப்பானைவிட வசதியான நாடு குறைவு. வழிகாட்டி இருந்தால் மொழிச் சிக்கலும் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அவரால் தீர்க்க முடியாதவை மூன்று: வயிறு, கால், பெட்டி. பயணம் கெடுவதும் இந்த மூன்றில்தான்.

முதலில் வயிறு. ஜப்பானியச் சமையலில் நம் ஊர்ப் புளிக்கரைசல் மாதிரி எல்லாவற்றுக்கும் அடிப்படையாக ‘தாஷி’ என்று ஒரு சாறு உண்டு. கொம்பு என்ற கடற்பாசியையும், கட்சுவோபுஷி என்ற புகையூட்டிக் காயவைத்த மீன் சீவலையும் சேர்த்து எடுப்பதுதான் பெரும்பாலும். மிசோ சூப், உடோன் நூடுல்ஸின் குழம்பு, சோபா என்ற இன்னொரு நூடுல்ஸுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு, வேகவைத்த பூசணிக்காய், கீரை எல்லாவற்றிலும் இது இருக்கும். தட்டில் ஒரு துண்டு மீனும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் பரிமாறுபவர் “மீன் இல்லை” என்று சொல்லும்போது அவர் பொய் சொல்வதில்லை. சாறு அவர் கணக்கில் மீனே அல்ல. குளிர்ந்த டோஃபு கேட்டால் மேலே தச்சர் பட்டறைச் சீவல் மாதிரி இளஞ்சிவப்பாக எதையோ தூவித் தருவார்கள். அதுவும் அதே மீன்தான். ஜப்பானியக் கறி சாதம் நம் குருமா மாதிரி தெரியும். அதன் மசாலாக் கட்டியில் பெரும்பாலும் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருக்கும். நம் பஜ்ஜி மாதிரியான காய்கறி டெம்புராவின் மாவில் முட்டை இருக்கலாம், எண்ணெயும் இறால் பொரித்த அதே எண்ணெய். “வெஜிடேரியன்” என்ற சொல்லை நம்பாதீர்கள். இறைச்சி, மீன், முட்டை, மீன் தாஷி எதுவும் சாப்பிட மாட்டோம், பால் தயிர் சாப்பிடுவோம் என்று தனித்தனியாக ஜப்பானிய மொழியில் எழுதிய அட்டை இருவர் கையிலும் இருக்கட்டும். கிளம்பும் முன்பே நிறுவனத்திடம் எழுதி வாங்கிவிடுங்கள்.

பேக்கேஜில் “இந்திய சைவ உணவு உண்டு” என்று போட்டிருப்பார்கள். அது எந்த நாள், எந்த வேளை என்று கேளுங்கள். டோக்கியோ, கியோட்டோ, ஒசாகாவில் இந்திய உணவகம் கிடைத்துவிடும். இரவு உணவுக்குச் சிக்கல் இல்லை. ஓட்டை விழுவது மதியத்தில், அதுவும் ஃபுஜி மலைப் பக்கம் போகும் நாளிலும் ரயிலில் ஊர் மாறும் நாளிலும். “மதியம் உங்கள் விருப்பம்போல்” என்று எழுதியிருந்தால், சைவர்களுக்கு மதியம் சாப்பாடு இல்லை என்று பொருள் கொள்ளுங்கள். கோயில்களில் தரும் ‘ஷோஜின் ரியோரி’ ஜப்பானின் சொந்தச் சைவச் சமையல். தாஷிகூடக் கடற்பாசியும் காளானும் வைத்து எடுப்பார்கள், வெங்காயம் பூண்டும் கிடையாது. பயணத்தில் ஒரு வேளையாவது அதைச் சேர்க்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அம்மாவுக்கு உப்பு உறைப்பு போதாது என்று தோன்றலாம், மனசு நிம்மதியாக இருக்கும்.

மற்ற வேளைகளுக்குத் தெருமுனைக் கடைகள் கைகொடுக்கும். கொன்பினி என்பார்கள், 24 மணி நேரமும் திறந்திருக்கும். வாழைப்பழம், வேகவைத்த எடமாமே (பச்சை சோயா), கொட்டைகள், வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டிய கப்பாமாகி எல்லாம் கிடைக்கும். உப்பு மட்டும் போட்ட சாத உருண்டையும் இருக்கும். ஆனால் ஊறுகாய்ப் பழம் வைத்த உருண்டையில்கூடச் சில சமயம் மீன் சாறு சேர்ப்பதுண்டு. உறையைக் கைபேசி கேமராவில் மொழிபெயர்த்துப் பார்க்க இருவருக்கும் சொல்லிக் கொடுங்கள். இன்னொன்று, சூப்பர் மார்க்கெட்டில் வெந்த வெறும் சாதம் பாக்கெட்டில் கிடைக்கும், 200 கிராம், மைக்ரோவேவில் இரண்டு நிமிடம். நடுத்தர விடுதிகள் பலவற்றில் பானம் விற்கும் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே மைக்ரோவேவ் வைத்திருப்பார்கள். 400 கிராம் டப்பாவில் சர்க்கரை போடாத வெறும் தயிர் கிடைக்கும். சாதம், தயிர், உப்பு, வீட்டிலிருந்து கொண்டுபோன ஊறுகாய். தயிர் சாதம் ஆயிற்று. பழம் போட்ட சின்னக் கோப்பைத் தயிரை எடுக்க வேண்டாம், அதில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கலாம்.

வீட்டிலிருந்து எடுத்துப் போவதில் ஒரு பொதுத் தவறு மின்சாரக் குக்கர். ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். நம் ஊரில் 230. வோல்ட் பாதிக்கும் கீழே போனால் சூடு பாதியாக அல்ல, ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். இங்கே 1,500 வாட் இழுக்கும் கெட்டில் அங்கே 300 வாட்டைக்கூட எட்டாது. நான்கைந்து நிமிடத்தில் கொதிக்கும் தண்ணீருக்கு அரை மணி ஆகும். விடுதி அறையில் கெட்டில் இருக்கும், வெந்நீர் ஊற்றினால் ஆகும் உப்புமா, அவல், ரசப்பொடி எடுத்துப் போனால் போதும். கைபேசி சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். தட்டையான இரண்டு முள் கொண்ட பிளக் மட்டும் வாங்குங்கள். பருப்புப் பொடி, தொக்கு, முறுக்கு போகலாம். பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம், எலுமிச்சை, சமைக்காத அரிசி பருப்பு ஆகியவற்றில் சிலவற்றுக்குத் தடையே உண்டு, மற்றவற்றுக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். அது கையில் இருக்காது, விமான நிலையத்திலேயே போய்விடும். அம்மா பையின் ஓரத்தில் செருகி வைக்கும் கறிவேப்பிலைக் கொத்தைக் கிளம்பும் காலையில் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

மருந்து விஷயத்தில் ஜப்பான் கண்டிப்பானது. மருத்துவர் எழுதிய மருந்தை ஒரு மாத அளவு வரை முன்னனுமதி இல்லாமல் கொண்டு போகலாம். இன்சுலின் பேனாவும் இதே கணக்கில் வரும். அதற்கு மேல் என்றால் முன்கூட்டியே இறக்குமதி உறுதிச் சான்று வாங்க வேண்டும். சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மருந்து தடை. கோடீன் கலந்த இருமல் மருந்தில் அளவைப் பொறுத்து விதி மாறும். அந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், கோடீன் இல்லாத மருந்தாகவே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்துகளை அவற்றின் அட்டையோடு, மருந்தின் வேதிப் பெயர் எழுதிய ஆங்கிலச் சீட்டோடு, கைப்பையில் வையுங்கள். இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. நேர வித்தியாசம் மூன்றரை மணி. வேளை மருந்தை எப்படி நகர்த்துவது என்பதை அப்பாவின் மருத்துவர்தான் சொல்ல வேண்டும், இணையத்தில் கேட்காதீர்கள்.

ஏப்ரல் முதல் வாரம் என்பது செர்ரிப் பூவுக்காகத்தானே? டோக்கியோவிலும் கியோட்டோவிலும் சராசரியாக மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கத்தில் பூ உச்சத்துக்கு வரும். ஆனால் குளிரைப் பொறுத்து முன்பின் ஆகும். முழுதாகப் பூத்த பிறகு ஒரு வாரம் நின்றால் அதிகம், நடுவில் ஒரு நல்ல மழை வந்தால் அதுவும் போச்சு. எட்டு மாதம் முன்பே தேதி குறித்து “பூ நிச்சயம்” என்று விற்பவரை நம்ப வேண்டாம். ஃபுஜி மலைக்கும் இதே கதை. 3,776 மீட்டர் உயர மலைதான், மேகம் மூடினால் அடிவாரத்தில் நின்றாலும் தெரியாது. பனிக்கால அதிகாலையில் வாய்ப்பு அதிகம், கோடையில் குறைவு. பூ வாரத்தில் விடுதி விலையும் கூட்டமும் உச்சத்தில் இருக்கும். என்னைக் கேட்டால் ஏப்ரல் 29 முதல் மே 5, 6 வரை வரும் பொன் வாரம் என்ற தொடர் விடுமுறையைத் தாண்டி, மே இரண்டாம் வாரத்திலிருந்து மாதக் கடைசிக்குள் அனுப்புவேன். பகலில் 20 முதல் 25 டிகிரி, மழைக்காலம் ஜூனில்தான். ஏப்ரலிலேயே போவதென்றால் டோக்கியோ காலை கொடைக்கானல் டிசம்பர் மாதிரி இருக்கும். ஸ்வெட்டர், காற்றுத் தடுப்பு மேலாடை, மடக்குக் குடை தேவை.

இனி கால். பயணத் திட்டத்தில் எத்தனை இடம் என்று எண்ணாதீர்கள். எத்தனை விடுதி என்று எண்ணுங்கள். 7 இரவுக்கு மூன்று விடுதிக்கு மேல் இருந்தால் அந்த பேக்கேஜை விட்டுவிடுங்கள். டோக்கியோவில் இறங்கி ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்திலிருந்து திரும்பினால் ஏறக்குறைய ஒரு நாள் மிச்சம். டோக்கியோவுக்கே திரும்ப வரும் திட்டம் விமானச் சீட்டில் கொஞ்சம் காசு மிச்சம் பிடித்து, அந்தப் பாரத்தை உங்கள் பெற்றோர் காலில் இறக்குகிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு போல எங்காவது மாறிப் போகும்போது பல விமானங்கள் காலையில் இறங்கும், விடுதி அறை மதியம் 3 மணிக்குத்தான் கிடைக்கும். தூங்காத உடம்போடு அந்த ஆறேழு மணி நேரம் சுற்றிக் காட்டுவதைத்தான் “முதல் நாள் நகர உலா” என்று அச்சிட்டிருப்பார்கள்.

பேருந்தில்தானே போகிறோம் என்று நினைக்க வேண்டாம். கியோட்டோ கியோமிசு கோயிலுக்குச் சுற்றுலாப் பேருந்து வாசல் வரை போகாது. நிறுத்தத்திலிருந்து மேட்டில் 10, 15 நிமிடம் ஏற வேண்டும், பிறகு படி. அதே ஊரின் ஃபுஷிமி இனாரி கோயிலில் ஆயிரக்கணக்கான சிவப்பு வளைவுகள் மலை உச்சி வரை போகும், ஏறி இறங்க இரண்டு மூன்று மணி நேரம். படத்தில் பார்க்கும் நெருக்கமான வளைவு அடிவாரத்திலேயே வந்துவிடும், அங்கேயே திரும்பலாம் என்று அவர்களிடம் சொல்லி வையுங்கள். ஒரு நாளைக்கு 12,000 முதல் 15,000 காலடி நடை சாதாரணம். கிளம்ப ஆறு வாரம் முன்பே மாலை நடையை ஒரு மணி நேரமாக்குங்கள். வாங்கும் ஷூ கயிறு கட்டாமல் மாட்டிக் கழற்றக்கூடியதாக இருக்கட்டும். கோயில், சில உணவகம், பாய் விரித்த அறை எல்லா இடத்திலும் கழற்ற வேண்டும். செருப்போடு பழகிய அப்பாவுக்கு ஓட்டை இல்லாத காலுறை ஆறு ஜோடி வாங்குங்கள். மரத்தரை ஏப்ரலிலும் சில்லென்று இருக்கும்.

பேருந்து ஓட்டுநரின் வேலை நேரம் அங்கே கறார்; ஒப்பந்தம் பெரும்பாலும் பேருந்து கிளம்பி நிலையத்துக்குத் திரும்பும் வரை 10 மணி நேரம். குழுவில் நான்கு பேர் கடையில் அரை மணி தாமதித்தால், மாலையில் ஒரு இடம் பட்டியலிலிருந்து போகும். அதனால் குழுவில் எத்தனை பேர் என்று கேளுங்கள். 40 பேருக்கு ஒரு மேலாளர் என்றால் உங்கள் அப்பா கழிப்பறை தேடும்போது அவர் பக்கத்தில் இருக்க மாட்டார். 20 பேருக்குள் என்றால் கூடுதல் காசு கொடுக்கலாம். இந்தியாவிலிருந்து கூட வருபவர் பயண மேலாளர், அங்கே சேர்பவர் உள்ளூர் வழிகாட்டி. இருவர் வேலையும் வேறு. உள்ளூர் வழிகாட்டி எல்லா நாளும் உண்டா, சில நாள் மட்டுமா என்று எழுத்தில் வாங்குங்கள். ஜப்பானில் அரசுத் தேர்வு எழுதி உரிமம் பெற்ற வழிகாட்டிகள் உண்டு. 2018 ஜனவரியிலிருந்து உரிமம் இல்லாதவரும் கட்டணம் வாங்கி வழிகாட்டலாம் என்று சட்டம் மாறியது. உரிமம் இல்லாதவர் மோசம் என்று சொல்ல வரவில்லை. யார் வருகிறார் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மூன்றாவது, பெட்டி. ஷிங்கான்சென் என்ற அதிவேக ரயில் நடுவழி நிலையங்களில் ஒன்றிரண்டு நிமிடமே நிற்கும். 28 அங்குலப் பெட்டியோடு 61 வயது அம்மா ஏற வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். மேலும் டோக்கியோ, ஒசாகா வழித்தடத்தில் நீளம் அகலம் உயரம் கூட்டி 160 செ.மீ. தாண்டும் பெட்டிக்கு அதற்கென உள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் 1,000 யென் வாங்குவார்கள். சக்கரத்தையும் சேர்த்து அளந்தால் 28 அங்குலம் அந்த எல்லையில்தான் நிற்கும். 24 அங்குலம் வாங்குங்கள். விடுதி வரவேற்பில் கொடுத்தால் பெட்டி மறுநாள் அடுத்த ஊர் விடுதிக்குப் போய்ச் சேரும் சேவை உண்டு, தக்யூபின் என்று பெயர். பெரிய பெட்டிக்குச் சுமார் 2,000 முதல் 3,000 யென். பேக்கேஜில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு இரவுக்கான துணியும் மருந்தும் கைப்பையில் இருக்க வேண்டும். அறைகளும் சின்னவை, 15 சதுர மீட்டர், அதாவது 160 சதுர அடி என்பது சகஜம். இரண்டு பெரிய பெட்டியைத் திறந்து வைத்தால் கட்டிலுக்குப் போக வழி இருக்காது. தனித்தனியாக இரண்டு கட்டில் உள்ள ‘ட்வின்’ அறை என்று உறுதி செய்யுங்கள், “செமி டபுள்” என்றால் இருவருக்கு ஒரே குறுகிய கட்டில்.

விசாவுக்கு விண்ணப்பத்தை நிறுவனமே பார்த்துக்கொள்ளும். நீங்கள் கவனிக்க வேண்டியது, மறுக்கப்பட்டால் அதே காரணத்துக்கு ஆறு மாதம் மீண்டும் விண்ணப்பிக்க முடியாது. வங்கிக் கணக்கு, வருமான வரித் தாக்கல், வேலை ஓய்வுச் சான்று எதையும் அரைகுறையாகக் கொடுக்காதீர்கள். மறுத்தால் எவ்வளவு பணம் திரும்பும் என்று முன்பணம் கட்டும் முன்பே கேளுங்கள். இ-விசாவாக வந்தால் அதைக் கைபேசியில் இணையத்தோடு நேரடியாகத் திறந்து காட்ட வேண்டும். அச்சுத் தாளும் ஸ்கிரீன்ஷாட்டும் செல்லாது. ஆக, இறங்கும்போதே இருவர் கைபேசியிலும் இணையம் வேலை செய்ய வேண்டும். பேக்கேஜ் விலையோடு டிசிஎஸ் என்று வருமான வரியில் ஒரு பகுதியை முன்கூட்டியே பிடிப்பார்கள். விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுவதால் கட்டும் நாளில் கேளுங்கள். யார் பான் எண் கொடுக்கிறீர்களோ அவர் கணக்கில்தான் அது வரவாகும். தனியாக ரயில் பாஸ் வாங்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். 2023 அக்டோபரில் 7 நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 யென் ஆனது. டோக்கியோவிலிருந்து கியோட்டோ ஒரு வழி சுமார் 14,000தான்.

பழக்கவழக்கம் பற்றி நீங்கள் பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை. ரயிலில் கைபேசியில் பேசக் கூடாது. வீடியோ அழைப்பு வந்தால் எடுக்க வேண்டாம் என்று பேரப்பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள். டிப்ஸ் கிடையாது. டாக்சிக் கதவு தானே திறக்கும், இழுக்க வேண்டாம். சாதத்தில் குச்சியை நட்டு வைப்பது சாவு வீட்டுச் சடங்கு. பொது வெந்நீர்க் குளியலில் ஆண் பெண் தனித்தனி என்றாலும் ஆடை இல்லாமல்தான் இறங்க வேண்டும். கூச்சமாக இருந்தால் தனிக் குளியலறை கேட்கலாம், போகாமலும் இருக்கலாம். கழிப்பறையில் நீர் பீய்ச்சும் பொத்தான் இருக்கும் என்பதால் அந்தக் கவலை வேண்டாம்.

பிரிந்து போனால் என்ன செய்வது என்று கிளம்பும் முன்பே ஒத்திகை பாருங்கள். ரயில் கதவு மூடி ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே என்றால், வெளியே நிற்பவர் நகரவே கூடாது. உள்ளே போனவர் அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும். இருவரும் தேட ஆரம்பித்தால்தான் சிக்கல். விடுதியின் ஜப்பானிய முகவரி அட்டை சட்டைப் பையில், பாஸ்போர்ட் எப்போதும் உடம்போடு. அதை அறையில் விட்டுச் செல்வது அங்கே சட்டப்படி தவறு. காவல்துறை 110, ஆம்புலன்ஸ் 119. மருத்துவக் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள சர்க்கரை நோய்க்கு இடம் உண்டா என்று விதிகளைப் படித்து வாங்குங்கள்.

அம்மாவுக்கு அந்த ஊர் முழுக்க அந்நியமாக இருக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். நாரா நகரின் பெரிய புத்தருக்கு 752ல் கண் திறந்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி, இது உறுதி. அவர் மதுரைக்காரர் என்று சொல்வோரும் உண்டு, அதை அவ்வளவு உறுதியாக எடுத்துக்கொள்ள முடியாது. கடைதோறும் தொங்கும் சிவப்புத் தருமா பொம்மை போதிதர்மர்தான். தென்னிந்தியர் என்பது பழைய மரபு, காஞ்சிபுரம் என்று முடிச்சுப் போடுவது பிற்காலத்தது. கையில் வீணை போன்ற கருவியோடு இருக்கும் பென்சைதென் நம் சரஸ்வதி. டோக்கியோ அசகுசாவில் குழு சென்சோஜி கோயிலில் ஒரு மணி நேரம் விடும்போது, அங்கிருந்து பத்து நிமிட நடையில் மட்சுசியாமா ஷோதென் இருக்கிறது. அங்கே இருப்பவர் நம் பிள்ளையாரின் வழிவந்த தெய்வம். சிலையைக் காட்ட மாட்டார்கள், மூடித்தான் வைத்திருப்பார்கள். கொழுக்கட்டைக்குப் பதிலாக வெள்ளை முள்ளங்கி படைப்பார்கள். வாசலிலும் கல்லிலும் முள்ளங்கிச் சின்னம் செதுக்கியிருக்கும். மேலாளரிடம் சொல்லிவிட்டு, திரும்பும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள்.